மொட்டை மாடிக்குக் கீழே ஓர் ஏசி

மே மாதத்தில், இரவு ஒன்பது மணிக்கு, மதுரையில் மேல்மாடி வீடு ஒன்றில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்று கூரையைத் தொட்டுப் பாருங்கள். பொழுது சாய்ந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். கான்கிரீட் இன்னும் சுடும். குளிக்கப் போனால், மாடித் தொட்டித் தண்ணீர் ஹீட்டர் போடாமலே வெந்நீராக விழும். திரும்பி வந்து ஃபேனைப் போட்டால், கூரையை ஒட்டி நின்ற அனல் அப்படியே கீழே இறங்கும். இந்த அறையில்தான் ஒரு குடும்பம் தூங்கி எழுந்து, காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

பகலெல்லாம் வெயில் வாங்கிய ஐந்து அங்குலத் தளம், வாங்கியதை உடனே உள்ளே விடுவதில்லை. மேலே விழுந்த சூடு அடிப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. வெளியே வெயிலின் உச்சம் மதியம் இரண்டு, மூன்று மணி என்றால், தளத்துக்குக் கீழே உச்சம் வருவது பொழுது போன பிறகு. மதுரை வீடுகளில் ஏசி பெரும்பாலும் படுக்கையறையில் மாட்டப்பட்டு ராத்திரியில் மட்டும் ஓடுவதற்குச் சிக்கனம் ஒரு காரணம்தான். தேவையே அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்பது இன்னொன்று.

ஊர் இருக்கும் இடமும் அப்படி. கிழக்கே கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சென்னையில் எவ்வளவு வெயில் அடித்தாலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வந்தால் ஒரு ஆறுதல் உண்டு. மதுரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மேற்கே நிற்கும் மலைகள் தென்மேற்குப் பருவமழையைத் தாங்களே வாங்கிக்கொண்டு, மழை இழந்த காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகின்றன. கத்திரி வெயிலில் பகல் 38, 40 என்று போகும். விடியற்காலையிலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும்.

ஆனால் மதுரையின் சூடு ஒரே மாதிரிச் சூடு அல்ல; ஏசி வாங்குகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மே மாத மதியத்தில் கொடியில் போட்ட வேட்டி அரை மணி நேரத்தில் காய்ந்து விறைத்துப்போகும், உதடு வெடிக்கும். அது காய்ந்த சூடு. அன்று மாலையே ஒரு கோடை மழை பத்து நிமிடம் தட்டிவிட்டுப் போனால், ராத்திரி முழுக்கப் புழுக்கம். வெப்பமானி இரண்டு, மூன்று டிகிரி குறைவாகவே காட்டும். ஆனால் மதியத்தைவிட அதிகமாகத் தவிப்போம். புரட்டாசி, ஐப்பசியிலும் இதே கதை. வெயில் குறைந்துவிட்டது என்று காலண்டர் சொல்லும், முதுகு பனியனோடு ஒட்டிக்கொண்டு இல்லை என்று சொல்லும்.

காரணம் வியர்வையில் இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோலின் சூடு சுமார் 34 டிகிரி. சுற்றியிருக்கும் காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருக்கும்வரை காற்றே சூட்டை வாங்கிக்கொள்ளும். காற்றும் 36, 38 என்று ஆகிவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே வழி வியர்வை. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை ஆவியாவதால்தான் குளிர்கிறது. சொட்டிக் கீழே விழுந்த வியர்வையால் ஒரு பயனும் கிடையாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. இதுதான் புழுக்கம்.

காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதற்காக, நனைந்த துணி சுற்றிய வெப்பமானியில் சூட்டை அளப்பார்கள். அந்த அளவு 35 டிகிரியைத் தொட்டுவிட்டால், நிழலில் ஃபேனுக்குக் கீழே நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஆளின் உடலாலும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்பது விஞ்ஞானிகள் போட்ட கணக்கு. ஆட்களை வைத்துப் பின்னால் நடந்த சோதனைகளில் உண்மையான எல்லை அதற்கும் கீழேதான் என்று தெரிந்தது.

ஏர்கூலர் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். மதுரையில் அது முழுக்க வீண் என்பவர்களும் தப்பு, ஏசிக்குப் பதில் அதுவே போதும் என்பவர்களும் தப்பு. கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர வைக்கிறது. காற்று காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசி மதியத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, வெளிக்காற்றை இழுக்கிற மாதிரி வைத்தால் நன்றாகவே வேலை செய்யும். அதே கூலரை மழை பெய்த ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டால், இருக்கிற ஈரத்தோடு இன்னும் இரண்டு குடம் ஈரத்தை அறைக்குள் விடுகிறீர்கள். விடியும்போது மெத்தை, தலையணை எல்லாம் பிசுபிசுக்கும்.

ஏசி இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. அதன் அருமை புரிய வேண்டுமானால், அது குளிரை உண்டாக்கும் பெட்டி என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். குளிர் என்று ஒரு சரக்கு கிடையாது. அறைக்குள் இருக்கும் சூட்டையும் ஈரத்தையும் அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் ஏசியின் தொழில். போர் மோட்டார் கீழே கிடக்கிற தண்ணீரை மேலே ஏற்றுவதைப் போல, குறைந்த சூட்டில் இருக்கும் அறையிலிருந்து அதிக சூட்டில் இருக்கும் தெருவுக்கு வெப்பத்தை ஏற்றுகிறது. தண்ணீர் மட்டம் ஆழமாகப் போகப் போக மோட்டாருக்குக் கரண்ட் அதிகம் பிடிக்கும். அறையை 18க்கு இறக்க நினைப்பதும் வெளியே 40 அடிப்பதும் அதே கணக்குத்தான். இந்த ஒன்று மனதில் நின்றால், ஏசி பற்றி மற்றவர் சொல்லும் பாதி யோசனைகளை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

ஏற்றும் வேலையைச் செய்வது 'கேஸ்' என்று மெக்கானிக் சொல்லும் குளிர்பதனப் பொருள். இப்போது விற்கும் வீட்டு ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-32. சாதாரணக் காற்றழுத்தத்தில் இது மைனஸ் 52 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்டோர் யூனிட்டின் செப்புக் குழாய்களுக்குள் அழுத்தத்தைச் சரியாக வைத்து, 10 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும்படி செய்கிறார்கள். எந்தத் திரவமும் கொதிக்கச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை அது உங்கள் அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியான கேஸ் வெளியே போகிறது. அங்கே கம்ப்ரஸர் அதை இறுக்கி அமுக்குகிறது; அமுக்கினால் சூடேறும். 40 டிகிரி தெருவில் சூட்டை இறக்கி வைக்க வேண்டுமானால் கொண்டுவருகிறவன் அதைவிடச் சூடாக இருந்தாக வேண்டுமல்லவா? அதனால்தான் கேஸ் 50 டிகிரியையும் தாண்டிய சூட்டோடு அவுட்டோர் குழாய்களில் ஓடுகிறது. சூட்டைத் தெருவில் விட்டுவிட்டு, மறுபடி திரவமாகி, ஒரு குறுகலான வழியில் நுழைந்து அழுத்தம் இழந்து, குளிர்ந்து உள்ளே வருகிறது. ராத்திரி முழுக்க இதே சுற்று.

ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொடுத்து ஒரு யூனிட் சூட்டைத்தான் வெளியேற்ற முடியும் என்றில்லை. நல்ல ஏசி மூன்றிலிருந்து ஐந்து யூனிட் சூட்டை வெளியேற்றிவிடும். சூட்டை அது உற்பத்தி செய்வதில்லை, இடம் மாற்றத்தானே செய்கிறது!

அந்தக் குளிர்ந்த குழாய்கள்மேல் அறைக் காற்று பட்டதும் இன்னொன்றும் நடக்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அங்கே முத்து முத்தாகப் படிந்து, வழிந்து, டிரெயின் பைப் வழியாக வெளியே வருகிறது. பைப்புக்கு அடியில் ஒரு வாளி வைத்துப் பாருங்கள். காய்ந்த மே மதியத்தில் துளித்துளியாகத்தான் விழும். ஐப்பசி ராத்திரியில் நூலாக ஒழுகும். அந்தத் தண்ணீர் முழுவதும் சற்று முன்வரை உங்கள் அறைக் காற்றில் இருந்து, உங்கள் வியர்வையை ஆவியாக விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் ஈரத்தைக் காற்றிலிருந்து பிரித்தெடுப்பதற்கு ஏறக்குறைய 0.67 யூனிட் சூட்டை ஏசி வெளியேற்றியாக வேண்டும். ஒரு ஆள் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்து விடுகிற சூடு அது. வாளித் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம். தரை துடைக்கலாம், செடிக்கு ஊற்றலாம். குடிக்கக் கூடாது, குழாயில் படிந்த தூசியும் பாசியும் அதில் கலந்திருக்கும்.

இந்த ஈரம் எடுக்கும் வேலைக்காகத்தான் ஏசியே பிறந்தது. 1902ல் நியூயார்க்கின் புரூக்ளினில் சாக்கெட்-வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில் ஒரு தொல்லை. கோடைப் புழுக்கத்தில் காகிதம் ஈரம் வாங்கி உப்பியது. ஒரு வண்ணம் அடித்து, அடுத்த வண்ணம் அடிப்பதற்குள் காகிதத்தின் அளவு மாறி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. இதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்ததுதான் இன்றைய ஏசியின் மூதாதை. மனிதனுக்குக் குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று அவர் கிளம்பவில்லை. காகிதம் காய்ந்திருக்க வேண்டும் என்றுதான் கிளம்பினார். மதுரைக்குத் தெற்கே இருக்கும் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் வேர்விட்டதற்கு அந்தக் கரிசல் பூமியின் வறண்ட காற்றையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள். கேரியர் இயந்திரம் வைத்துச் செய்ததை அந்த ஊருக்கு வானமே இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்று ஏசியைக் கேட்டு வாங்குகிறோம். அந்த எடை ஏசியின் எடை அல்ல, ஐஸின் எடை. ஏசி வருவதற்கு முன்பு குளிர்ச்சி ஐஸ் கட்டியாகத்தான் விற்பனையானது. அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைப் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் கப்பலேற்றிச் சென்னைவரை அனுப்பினார். அதைச் சேமிக்க 1842ல் மெரினாவில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்று விவேகானந்தர் இல்லம். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகத்தில் சூட்டை வெளியேற்றினால் அது ஒரு டன் ஏசி. உங்கள் படுக்கையறையில் ஒன்றரை டன் ஓடுகிறதென்றால், நாள் ஒன்றுக்கு 1,360 கிலோ ஐஸ் உருக்கும் தெம்பு சுவரில் தொங்குகிறது. கப்பலில் வந்த ஐஸ் துரைமார்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான் கட்டுப்படியானது என்பதை நினைத்துக்கொண்டால், மாதத் தவணையில் ஏசி வாங்கும் நம் காலத்தின்மேல் கொஞ்சம் மரியாதை வரும்.

எவ்வளவு டன் வேண்டும்? பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைப்பதுதான் கடையில் பலரும் செய்யும் தவறு. சின்ன அறைக்கு இரண்டு டன் போட்டால் ஐந்து நிமிடத்தில் சில்லென்று ஆகி, கம்ப்ரஸர் நின்றுவிடும். காற்று குளிர்ந்துவிடும், ஈரம் எடுக்க நேரம் கிடைக்காது. அறை சில்லிட்டும் இருக்கும், நசநசவென்றும் இருக்கும். 100, 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் போதும். 150க்குப் பக்கத்தில் போனால், அல்லது மேலே மொட்டை மாடி, மேற்குப் பார்த்த சுவர் என்று இருந்தால் ஒன்றரை டன். இன்வெர்ட்டர் ஏசி என்பது தேவைக்கேற்பக் கம்ப்ரஸரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. முழு வேகத்தில் ஓடி நின்று, ஓடி நின்று துடிப்பதைவிட மெதுவாகத் தொடர்ந்து ஓடுவதால் கரண்டும் மிச்சம், ஈரமும் நன்றாக இறங்கும். கரண்ட் போனால் வீட்டு பேட்டரியில் ஓடும் என்று அர்த்தமில்லை. கடைக்காரர்கள் இதைத் தாங்களாக விளக்குவது அபூர்வம்.

இனி ரிமோட். வெளியிலிருந்து வந்ததும் 18ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்று ஒரு நம்பிக்கை. 18 என்பது எவ்வளவு வேகமாக என்ற கட்டளை அல்ல, எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டளை. 18ல் வைத்தாலும் 25ல் வைத்தாலும், 25ஐத் தொடும்வரை ஏறக்குறைய ஒரே ஓட்டம்தான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது: 18ல் வைத்த ஏசி நிற்கவே வழியில்லாமல் விடியவிடிய உழைக்கும், நீங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடப்பீர்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றி வைப்பதற்கும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் முத்திரை பெற்ற எல்லா அறை ஏசிகளும் போட்டவுடன் 24ல் தொடங்கும்படி வர வேண்டும் என்று விதி வந்தது அதனால்தான்.

மதுரைக்கு என்னைக் கேட்டால் 26, கூடவே ஃபேன் இரண்டில். ஏசி போட்டால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும் என்பது எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை. ஈரம் எடுக்கப்பட்ட 26 டிகிரிக் காற்று தோலின்மேல் மெல்ல ஓடினால், இரண்டு மூன்று டிகிரி குறைவாகத் தோன்றும். பழைய ஃபேன் 75 வாட்தான் எடுக்கும். புதிய பிஎல்டிசி ஃபேன் 30க்குப் பக்கத்தில். கம்ப்ரஸரின் பசியோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. முதல் கால் மணி நேரம் மட்டும் கூரை அனல் கீழே இறங்கும், பொறுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில், சூடு அதிகமில்லாமல் புழுக்கம் மட்டும் வதைக்கும் ராத்திரிகளில், ரிமோட்டில் யாரும் தொடாத 'டிரை' பொத்தானைத் தொட்டுப் பாருங்கள். உள் ஃபேன் மெதுவாகி, ஈரத்தை எடுப்பதில் ஏசி கவனம் வைக்கும். அந்த மாதங்களுக்கு அதுவே போதும்.

பில் கணக்குக்கு வருவோம். ஏசிமேல் ஒட்டியிருக்கும் முத்திரையில் நட்சத்திரத்தை எண்ணுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நட்சத்திரத்துக்கான அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய ஆண்டின் ஐந்து ஸ்டார் புதிய கணக்கில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கலாம். எனவே முத்திரையின் ஆண்டைப் பாருங்கள், அதற்குப் பிறகு 'ஆண்டுக்கு இத்தனை யூனிட்' என்ற எண்ணைப் பாருங்கள். அந்த எண் வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்குச் சராசரியாக அரை யூனிட். இரவு எட்டு மணி நேரம் என்றால் நான்கு யூனிட். மின்வாரியம் கணக்கெடுக்கும் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம், மேலே போகப் போகப் படிப்படியாக விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டிய கோடு 500. அதைத் தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் அதிக விலை என்று நினைத்துவிடாதீர்கள். 101 முதல் 200 வரைக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். ஏசி இல்லாமல் 280 யூனிட் ஓடும் வீட்டுக்கு 240 கூடினால் 520. அந்த 20 யூனிட்தான் வீட்டில் சண்டையைக் கிளப்பும். 24ஐ 26 ஆக்கி, ஏசியை விடியற்காலை நான்கு மணிக்கு டைமரில் நிறுத்தினாலே கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுவிடலாம். அந்த நேரத்துக்கு வெளியும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

எல்லாரும் ஒரே நேரத்தில் போடுவதுதான் மின்வாரியத்தின் தலைவலி. 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற புதிய உச்சத்தைத் தொட்டது. கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்துவிட்டது. வெயிலுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. ஆனால் படுக்கையறை ஏசி ஓடும் நேரத்தில் சூரியன் இல்லை. கூரையில் சேர்ந்த வெயிலின் சூடு மட்டும்தான் இருக்கிறது.

அதனால் ஏசிக்குச் செலவழிப்பதற்கு முன் கூரைக்குச் செலவழியுங்கள் என்பேன். மொட்டை மாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால், அல்லது வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்தால், கீழே அறை சில டிகிரி இறங்கும். தரமான பூச்சுக்கு வசதியில்லையென்றால் வருடா வருடம் பங்குனியில் கெட்டியாகச் சுண்ணாம்பு அடிப்பதும் பலன் தரும். மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ பச்சை வலையோ கட்டுவது மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலை எந்தத் திரையும் முழுதாகத் திருப்பி அனுப்பாது. கதவிடுக்கு அகலமாக இருந்தால் அந்த வழியாகக் கூடத்துப் புழுக்கம் உள்ளே வந்துகொண்டேயிருக்கும், அதைக் காயவைத்தே ஏசி களைத்துப்போகும்.

நம் முன்னோருக்கு இதெல்லாம் தெரியும் என்று ஒரு குரல் உடனே எழும். தெரியும்தான். மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் வசந்த உற்சவத்துக்கானது. சுற்றிலும் நீர் நிறுத்த அகழி அமைத்து, தெய்வத்துக்கே கோடையைத் தணித்திருக்கிறார்கள். நாயக்கர் மகாலின் உயர்ந்த விதானத்துக்குக் கீழே இன்றைக்கு மே மாதத்தில் போய் நின்றாலும் வித்தியாசம் தெரியும். செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் தாழ்வாரமும் தடித்த சுவரும் அதே அறிவு. ஆனால் இரண்டு சென்ட் மனையில், பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டி, பத்தடி உயரத்தில் தளம் போட்ட வீட்டுக்குள் முற்றத்தை எங்கே கொண்டுவருவது? மாடியில் பாய் விரித்துப் படுத்தோமே என்பார்கள். மேகமில்லாத ராத்திரியில் தளம் வானத்துக்குச் சூட்டை விட்டுக் குளிரும், உண்மை. மேகம் மூடினால் அதுவும் இல்லை. கொசு எல்லா ராத்திரியும் உண்டு. பழையதைப் போற்றுவது, இன்று மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவரின் புழுக்கத்தைத் தணிக்காது.

ஏசியை இன்னும் ஆடம்பரமென்று கூச்சத்தோடு பேசுகிறோம். ஏசி போட்டுப் படுத்தேன் என்பதை ஒரு குற்றம்போலச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. சிங்கப்பூரைக் கட்டியெழுப்பிய லீ குவான் யூவுக்கு அந்தக் கூச்சம் இருக்கவில்லை. வெப்ப மண்டலத்தில் வளர்ச்சியைச் சாத்தியமாக்கியதே ஏசிதான் என்றும், பிரதமரானதும் முதல் வேலையாக அரசு ஊழியர்கள் வேலை செய்யும் கட்டிடங்களில் அதை மாட்டச் செய்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். அமெரிக்காவில் கடும் வெயில் நாட்களில் ஏற்படும் மரணங்களின் விகிதம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் முக்கால்வாசி குறைந்ததையும், அதற்கு முதன்மைக் காரணம் வீட்டு ஏசிதான் என்பதையும் 2016ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது. இங்கே 2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பேரிடர் என்று அரசே சொன்ன ஒன்றிலிருந்து தப்பிக்க உதவும் சாதனத்தை எப்படி ஆடம்பரம் என்பது? மத்திய அரசு 2019ல் வெளியிட்ட குளிர்ச்சிச் செயல்திட்டப்படி, நாட்டில் அப்போது ஏசி இருந்த வீடுகள் 8 சதவீதம்தான். வெட்கப்பட வேண்டியிருந்தால் அந்த எண்ணுக்குத்தான்.

வீட்டில் ஒரே ஒரு ஏசி என்றால் அது யாருடைய அறையில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பாதிக்கிறவர் அறையில் அல்ல. வயதானவர் படுக்கும் அறையில். முதுமையில் தாகம் சரியாகத் தெரியாது, வியர்ப்பதும் குறையும், நீர் பிரிய எடுக்கும் மாத்திரைகள் உடலின் தண்ணீரை இன்னும் குறைக்கும். "எனக்கெதுக்குப்பா ஏசி, ஃபேன் போதும்" என்று அப்பத்தா சொல்வார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாருமாக அந்த அறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் பில்லும் ஒன்று, பேச்சும் உண்டு.

ஏசிக் காற்று உடம்புக்கு ஆகாது என்பதில் அரைவாசி உண்மை. சளி வைரஸால் வருகிறது, ஏசியால் அல்ல. ஆனால் கழுவாத ஃபில்டரில் தூசியும் பூஞ்சையும் சேர்ந்து, அது ராத்திரி முழுக்க முகத்தில் அடித்தால் மூக்கு அடைக்கும், இருமலும் வரும். இன்னொன்று, சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே சுற்றிச் சுற்றி விடுகிறது. நான்கு பேர் மூடிய அறையில் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தால் தலை கனப்பதற்கு அதுதான் காரணம். படுக்கப் போகுமுன்னும் எழுந்ததும் ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள். காற்றடிக்கும் திசையைக் கட்டிலை விட்டு மேலே திருப்பி வையுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

அள்ளிய சூடு எங்கே போகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். அறையின் சூடு, அதோடு கம்ப்ரஸர் தின்ற மின்சாரத்தின் சூடு, இரண்டும் தெருவுக்குத்தான். மாசி வீதிகளைச் சுற்றியிருக்கும் சந்துகளில் எதிரெதிர்ச் சுவர்களில் அவுட்டோர் யூனிட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று தொங்கி, ஒன்று விட்ட அனலை இன்னொன்று உறிஞ்சிக்கொண்டு ஓடுகின்றன. எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து அவுட்டோரை மாட்டுவது, அவர்கள் வீட்டுக்குள் நம் சூட்டைக் கொட்டுவதுதான். முடிந்தால் மாடிக்கு ஏற்றுங்கள். அங்கும் மேலே நிழல் இருக்கட்டும், ஆனால் அனல் வெளியேறும் முன்பக்கத்தை அடைத்துவிடக் கூடாது. பெட்டி போட்டு மூடி, சாக்குக் கட்டிப் 'பாதுகாத்தால்' கம்ப்ரஸர் மூச்சுத் திணறும்.

வருடத்துக்கு ஒருமுறை, பங்குனி பிறக்குமுன், சர்வீஸுக்கு ஆள் வருவார். தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, "அக்கா, கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திரலாமா?" என்பார். சரி என்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க தம்பி லீக்?" வண்டிக்கு ஊற்றும் பெட்ரோல் மாதிரி கேஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் ஏற்றிய கேஸ் அடுத்த சித்திரைக்குள் வெளியேறிவிடும். மறுபடி அதே ஆள், அதே பணம். அத்தோடு, ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால் அது 675 கிலோ கரியமில வாயு செய்யும் வேலையைச் செய்யும். முன்பு அதிகம் ஓடிய ஆர்-410ஏ 2,000க்கும் மேல். பழைய ஏசியைக் காயலான் கடைக்குப் போடும்போது செப்புக் குழாயைச் சும்மா அறுத்துவிடாமல், கேஸை அவுட்டோருக்குள் இழுத்து மூடிக் கழற்றச் சொல்லுங்கள். 'பம்ப் டவுன்' என்று சொன்னால் தொழில் தெரிந்த எந்த மெக்கானிக்குக்கும் புரியும். கம்ப்ரஸர் ஓடும் நிலையில் இருந்தால் சில நிமிட வேலை.